பெட்டி ரொட்டியின் உயரம்

பெயர் மாற்றிய பிறகும் நாங்கள் கிரே தெரு என்றே சொல்லும் தெருவில்
அளவு நாடாவோடு நுழைந்தேன் பாத்திரக் கடைக்குள்.
கேக்குக்கா என்றார். ரொட்டிக்கு என்றேன்.
செங்கல் வடிவில் ஒன்றை நீட்டினார்.
நாடாவை இழுத்துப் பிடித்தேன் செங்குத்தாக:
இத்தனை உயரம் வேண்டும்.
அது ரொட்டி இல்லை தம்பி, புகைக்கூண்டு
என்றார்.

பதினாறு டிசம்பர்.
பட்டறை மூடும் வெள்ளிக்கிழமை மாலை
ஆளுக்கொரு நீலப் பெட்டி தருவார் துல்லியோ,
பெயருக்கேற்ற மனிதர்,
கதவின் இடைவெளியை மயிரிழை பார்த்துச் சரிசெய்பவர்.
உள்ளே அவர் தாத்தா ஊர்ப் பண்டிகை ரொட்டி,
உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், தலையில் ஒரு தொப்பி.
காசாகத் தந்திருக்கலாம்
என்று முனகுவோம் பக்கியின் பின்புறம் குலுங்கியபடி.
முதல் வருடத்து ரொட்டியைப் பாதிக்குமேல் நாய்தான் தின்றது.

மார்ச்சில் பட்டறையைப் பூட்டிவிட்டு
கேப் டவுனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.
ஒரு சென்ட் குறையாமல் கணக்குத் தீர்த்தார்.
இந்த டிசம்பரில் கையில் காசு இருக்கிறது.
பெட்டி ரொட்டி எங்கே
என்கிறாள் தேஷ்னி, தொப்பியை மட்டும் தின்று வளர்ந்தவள்.

சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறது, தெரியும்.
எனக்குத்தான் வேலையில்லாத கை அரிக்கிறது.

போன வருடத்துப் பெட்டியில் கோகி ஊசிநூல் வைத்திருக்கிறாள்.
கொட்டிவிட்டு அளந்தேன்.
அகலம் பதினேழு, உயரம் இருபது.
சட்ஸ்வொர்த் முழுக்க அந்த அளவில் தட்டு இல்லை.
நானே அடித்துவிடலாம்; கொட்டகையில் தகடு கிடக்கிறது,
ஆனால் துத்தநாகம் பூசியது, வயிற்றுக்கு ஆகாது.
கறுத்த தகடு சூட்டைக் குடித்து ஓரத்தைக் கருக்கும்,
பளபளக்கும் தகடு சூட்டைத் திருப்பி அனுப்பும்,
இது சமையல் குறிப்பு படித்து வந்த ஞானமில்லை.
பிரியாணிச் சட்டி பக்கம் கண் போனதுமே
கோகி சொல்லிவிட்டாள்: தொட்டுப் பார்.
நியாயம்தான். அதில் மாவு படுத்துவிடும்,
எழுந்து நிற்காது.

கடைசியில் கொட்டகை அலமாரியில்
திருகாணி நிறைந்த பெரிய காபி டப்பா.
அளவு? ஒரு விரல் குறைவு அகலத்தில்,
ஒரு விரல் கூடுதல் உயரத்தில்.
துல்லியோ ஒத்துக்கொள்ள மாட்டார். நான் ஒத்துக்கொண்டேன்.
வாய் விளிம்பை அரம் போட்டு மழுக்கினேன்,
மூன்று தரம் வெந்நீரில் அவித்தேன்.

ஆனால் இந்த ரொட்டிக்கு ஒரு பலவீனம்.
அடுப்பை விட்டு வந்ததும் தலைகீழாகத் தொங்க வேண்டும்,
இல்லையேல் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும்.
அடியில் கம்பி குத்தித் தொங்கவிட வேண்டும்,
டப்பாவை எப்படிக் குத்துவது?
துரப்பணத்தை எடுத்தேன்.
அடிப்பக்கத்தில் எதிரெதிரே நான்கு துளை.
பாத்திரம் வாங்கப் போய் சல்லடை செய்திருக்கிறாய் என்றாள் கோகி.
உள்ளே காகிதம் இரண்டு சுற்று, பதில் அதுதான்.

டர்பன் டிசம்பருக்கு ஈஸ்ட்டைக் கெஞ்ச வேண்டியதில்லை.
ஈரக் காற்றில் மாவு தானே மூச்சுவிட்டு
டப்பாவின் கழுத்துவரை வந்தது.
பாதி வேகும்போது தெரு முழுக்க மின்சாரம் போனது;
அடுப்பு கேஸ், அதனால் நடுங்கியது நான் மட்டும்.
டார்ச் வெளிச்சத்தில் தொப்பி எழுந்திருந்தது,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

பிராய் கம்பி இரண்டைத் துளை வழியே செருகி
டப்பாவோடு கவிழ்த்தேன்.
இரண்டு ஜாக் ஸ்டாண்டுக்கு நடுவே தொங்குகிறது,
கார் தூக்கி நிறுத்துகிற அதே உயரத்தில்.
காலைவரை தொடக்கூடாது.

தேஷ்னி சிமெண்டுத் தரையில் மல்லாந்து
முதுகால் நகர்ந்து அடியில் போய்விட்டாள்,
டார்ச்சை மேலே அடித்து
கசிவு பார்க்கிற மெக்கானிக் மாதிரி.
ஒரு திராட்சை தெரியுதுப்பா என்கிறாள்.
விழுமா?